பாப்பாவின் பங்கு

என் வார்டில் ஒரு சட்டம் இருக்கிறது. வயதான நோயாளி யாரையும் தாத்தா, பாட்டி என்று கூப்பிடக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கூப்பிடலாம். அதுவரைக்கும் ஐயா, அம்மா, சார், கேஸ் ஷீட்டில் இருக்கிற பெயரோடு ஒரு 'ங்க'. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் இதைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார்கள். "பாசமாத்தானே சிஸ்டர் கூப்புடறோம்?" என்பார்கள். பாசம் இருந்தால் வலிக்காமல் ஊசி போடு, அது போதும் என்பேன். விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காதில் விழாததுபோலப் போய்விடுவேன்.

சில பேருக்குப் பாட்டி என்று கூப்பிட்டால் பிடிக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மரக்காணத்துக் குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "என்னை ஆயான்னே கூப்புடுங்க, இல்லன்னா வேற யாரையோ கூப்புடற மாதிரி இருக்குது" என்று அவராகவே சொன்னார். டிஸ்சார்ஜ் ஆகும்வரை எங்கள் எல்லோருக்கும் அவர் ஆயாதான். அதே வாரம் காணையிலிருந்து ஒரு கரும்பு விவசாயி இடுப்பெலும்பு முறிந்து வந்து படுத்தார். எங்கள் புதுப்பெண் மாத்திரையை நீட்டி, "தாத்தா, சமத்தா ஆ காட்டுங்க பாக்கலாம்" என்றாள். மனிதர் வாயைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் நான் போய் நின்ற பிறகுதான் பேசினார். "இடுப்புதாம்மா ஒடஞ்சிது. மூளை ஒண்ணும் ஒடயல. அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் சொல்லி வைங்க."

சொல்லி வைத்தேன். அந்தப் பெண் அழுகிற அளவுக்குச் சொன்னேன். பாவம், அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. திட்டும்போது என் கண்ணுக்கு முன்னால் நின்றவர் என் அண்ணன்.

வீட்டில் எனக்குப் பெயர் பாப்பா. அண்ணனுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். நான் தொட்டிலில் கிடந்தபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். பாப்பா என்று முதலில் கூப்பிட்டது அப்பாதான். வயலிலிருந்து அவர் குரல் கேட்டால் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவேன். அதே அப்பா நர்சிங் படிப்புக்கு அப்ளிகேஷன் வாங்கக் கூட்டிப் போனபோது, ஜன்னலுக்குள் இருந்தவரிடம் என் முழுப்பெயரை இனிஷியலோடு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எங்கே எதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணனுக்கு ஒரே பெயர்தான். கல்யாணமாகி விழுப்புரம் வந்தேன், பாப்பா. இரண்டு பிள்ளை பெற்றேன், பாப்பா. ஹெட் நர்ஸ் ஆனேன், பாப்பா. தலை நரைத்து டை அடிக்க ஆரம்பித்தேன், அப்போதும் பாப்பா. அண்ணன் மகனுக்கு நான் பாப்பா அத்தை. அவன் பெற்ற குட்டிகளுக்குப் பாப்பா ஆயா. மூட்டுவலியோடு நான் படியேறுவதைப் பார்த்துவிட்டு அந்தக் குட்டிகள், பாப்பான்னா சின்னதாத்தானே இருக்கணும் என்று அவர்கள் அம்மாவைக் கேட்டிருக்கின்றன. வீட்டிலேயே யோசித்துப் பேசியது அவர்கள்தான்.

இதைப் பாசம் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்தேன். அப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். அண்ணியின் தம்பி என்னைவிட எவ்வளவோ சின்னவன். அவன் வந்தால் அண்ணன் எழுந்து நின்று, "வாங்க மச்சான், ஒக்காருங்க" என்பார், நாற்காலியைத் துடைத்துப் போடுவார். நான் போனால், "பாப்பா வந்துட்டியா, உள்ள போயி அண்ணிக்குக் கூடமாட எதனா செய்யி." நிலத்தில் போர்வெல் எங்கே போடுவது, இந்தப் போகம் மல்லாட்டையா உளுந்தா என்று அவர்கள் பேசும்போது நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "பாப்பா பேசுது பாரு" என்று சிரிப்பார். மச்சானும் சிரிப்பான். கெட்ட சிரிப்பு இல்லை, மழலைக்குச் சிரிக்கிற சிரிப்பு.

எனக்குச் சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகின்றன. பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும்போது ஒவ்வொரு முறையும் மைசூர்பாக்கு வரும். "அண்ணா, எனக்கு சுகருங்கண்ணா" என்பேன். "பாப்பாவுக்கு இனிப்புன்னா உசுரு" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுவார். புடவை எப்போதும் பளீர் ரோஸ். எனக்கு ரோஸ் பிடித்திருந்தது ஆறாம் வகுப்பில். மைசூர்பாக்கை ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடுவேன். அவர் மனைவி ரோஸ் புடவையில் நன்றாகத்தான் இருக்கிறார்.

போன வருஷம் அறுப்பு முடிந்த கையோடு அண்ணன் போன் செய்தார். "பாப்பா, ஒரு சின்ன வேலை. வர்ற திங்கக்கெழம திண்டிவனம் வந்துட்டுப் போயிடு. ஒரு கையெழுத்து. ஆதார் கார்டு எடுத்துக்கினு வா."

என்ன கையெழுத்து என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடக்கிற சடங்குதான். அப்பன் நிலத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் கூடப்பிறந்தவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போவார்கள். என் பங்கு எனக்கு வேண்டாம், அண்ணனுக்கே விட்டுவிட்டேன் என்று விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். ஒரு பட்டுப்புடவை, ஓட்டலில் பிரியாணி, கையில் மல்லிகைப்பூ. சாயங்காலம் பஸ் ஏற்றிவிடுவார்கள். சீர் நின்றுபோய்விடுமோ, பிறந்த வீட்டு வாசல் மூடிவிடுமோ என்ற பயத்திலேயே நிறையப் பேர் போட்டுவிடுவார்கள். நான் வேலை பார்க்கும் வார்டிலேயே மூன்று நான்கு பெண்கள் அப்படிப் போட்டுவிட்டு வந்தவர்கள்.

ஒலக்கூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் நிலம் அப்பா பெயரிலேயே கிடந்தது. அண்ணனும் நானும் மட்டும்தான் பிள்ளைகள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, பாதி என்னுடையது. ஒன்றை இங்கே சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நிலத்தில் பாடுபட்டவர் அவர். இன்ன காரணம், உன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கிறாயா என்று என் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், புடவைகூட வேண்டாம் என்று போட்டுக்கொடுத்திருப்பேன். என் வீட்டுக்காரர், "போட்டுக் குடுத்துட்டு வந்துடு, எதுக்கு பேஜாரு" என்றார். நேரில் போனாலாவது கேட்பார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை, கேட்டால் என்ன சொல்லலாம் என்று பதில்கூட யோசித்து வைத்திருந்தேன்.

பத்திர ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுபவரின் கடை. அண்ணனும் மச்சானும் அங்கே இருந்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு மச்சான். "வா பாப்பா, டீ குடிக்கிறியா? சக்கரை தூக்கலா போடச் சொல்லட்டா?" என்றார் அண்ணன். பெஞ்சின் மேல் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. ஓரத்தில் ரோஸ் எட்டிப் பார்த்தது.

பத்திரம் எழுதுபவர் வயதானவர், கொஞ்சம் மனசாட்சி உள்ளவர் போலிருக்கிறது. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தி அண்ணனிடம் கேட்டார். "ரோட்டோரத்தை பிளாட் போடக் குடுக்கப்போற விஷயம் தங்கச்சிக்குத் தெரியுமில்ல?"

அண்ணன் குரலைத் தாழ்த்தவில்லை. "அதுக்கு இன்னா தெரியும். பாப்பா அது. காட்டுன எடத்துல கையெழுத்து போட்டுட்டு போயிக்கினே இருக்கும்."

நான் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். டீ வந்தது. சர்க்கரை போட்ட அந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். நிலத்தை விற்கப் போகிறார் என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. விற்கட்டும், அவருக்கு என்ன கஷ்டமோ. அப்பா நடந்த வரப்பைக் கூறுபோட்டு விற்கப்போகும்போது, அவர் பெற்ற இன்னொரு பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட இந்த ஆளுக்குத் தோன்றவில்லை. தெருநாய் வந்து படுத்தால்கூட அதை விரட்டுவதற்கு ஒரு சத்தம் கொடுப்பார்கள். எனக்கு அதுவும் இல்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் நான் முடிவு செய்தேன். எப்படி என்று அப்போது தெரியாது. வழியை அண்ணனே போட்டுக்கொடுத்தார்.

பத்திரம் எழுதுபவர் என் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கி மறுபடி பார்த்தார். "என்னாங்க இது, பேரு வேறயா இருக்குது?"

அப்பா இறந்தபோது நான் சென்னையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். வாரிசு சர்டிபிகேட் வாங்க அலைந்தது அண்ணன். பிள்ளைகள் பெயர் என்ன என்று கிராம அலுவலகத்தில் கேட்டபோது, தன் பெயரை இனிஷியலோடு சொல்லியிருக்கிறார். என் பெயரைப் பாப்பா என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் எழுதிவிட்டார்கள். அது அப்படியே பீரோவில் இத்தனை காலம் கிடந்து, இப்போது அதை வைத்து எழுதிய பத்திரத்திலும் ஏறியிருந்தது. 'பாப்பா ஆகிய நான், என் முழு சம்மதத்துடன்' என்று அச்சடித்து நீட்டினார்கள். படித்துப் பார்த்தேன். உள்ளே சிரிப்பு வந்தது.

அண்ணனுக்கு அப்போதும் உறைக்கவில்லை. "வீட்டுல கூப்புடற பேருங்க. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா ஆச்சா?" என்று பத்திரம் எழுதுபவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "டோக்கன் போட்டாச்சும்மா. மேடம் உள்ள கேப்பாங்க. ரெண்டு பேரும் என்னோடதுதான்னு சொல்லிடுங்க. பாப்பாங்கிறதும் நீங்கதான்னு உங்க வாயால சொன்னா, அதுக்கு ஒரு உறுதிமொழி எழுதி வாங்கிக்கினு முடிச்சிடலாம்."

"சொல்லும், சொல்லும்" என்றார் அண்ணன். "பாப்பா, ஜல்தி வா, நம்ம டோக்கன் வந்துடும்."

உள்ளே கூட்டம். கேமரா முன்னால் ஒரு கிழவர் கைரேகை விழாமல் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். சார்பதிவாளராக உட்கார்ந்திருந்தவர் என் மகள் வயதுப் பெண். எங்கள் டோக்கன் வந்ததும் பியூன் சத்தமாகக் கூப்பிட்டார். "பாப்பா யாரும்மா? பாப்பா வாங்க."

நான் எழுந்திருக்கவில்லை. பியூன் இன்னொரு முறை கூப்பிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் யாராவது குழந்தையைத் தொலைத்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தாள். அண்ணன் வந்து என் தோளைத் தட்டினார். "கூப்புடறாங்க பாரு, எழுந்திரு." எழுந்து, மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

அந்தப் பெண் பத்திரத்தையும் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அம்மா, இதுல பாப்பான்னு இருக்கு. அது நீங்கதானா?"

நான் நோயாளியின் உறவினரிடம் கெட்ட செய்தி சொல்வதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன். நிதானமாக, தெளிவாக, திருப்பிக் கேட்கத் தேவையில்லாமல். அந்தக் குரலில் சொன்னேன். "இல்லீங்க மேடம். எங்க அப்பாவுக்குப் பாப்பான்னு ஒரு பொண்ணு கெடையாது. ஒரே பொண்ணு. அது நான்தான். என் பேரு அந்த கார்டுல இருக்குது."

அண்ணன் சிரித்தார். அதே சிரிப்பு. "வெளயாடுதுங்க மேடம். இதான் பாப்பா."

"நீங்க பேசாதீங்க. அவங்களத்தான் கேக்கறேன்" என்றாள் அந்தப் பெண். என்னைப் பார்த்தாள். எதையோ புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். "இந்தப் பத்திரத்துல எழுதியிருக்கறது உங்க சம்மதத்தோட எழுதுனதாங்கம்மா?"

"எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கலைங்க."

அவ்வளவுதான். காகிதம் திரும்பி வந்தது. வாரிசு சர்டிபிகேட்டில் பெயரைத் திருத்தி வாருங்கள், தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுங்கள் என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள். அண்ணன் முகத்தில் சிரிப்பு போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை பொங்கலாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கூட்டத்தில் கத்த முடியவில்லை. "இன்னா பாப்பா, மானத்த வாங்கிட்ட" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்திரம் எழுதுபவரின் கடைக்குள் போனார். "இப்பவே மனு எழுதுங்க. கையோட குடுத்துட்டுப் போறேன்." மச்சான் அவசரமாகச் சிகரெட் வாங்கப் போய்விட்டான்.

பத்திரம் எழுதுபவர் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைத் திறந்தார். "பாப்பான்னு தவறாகப் பதிவாகியுள்ளது, சரியான பெயர்... தங்கச்சி பேரு சொல்லுங்க."

ஆதார் கார்டு என் கைப்பையில் இருந்தது. பை என் மடியில் இருந்தது. ஜிப்பை இழுத்து மூடினேன்.

அண்ணன் வாயைத் திறந்தார். ஒரு பெயரைச் சொன்னார். அது பாதிதான் என் பெயர், மீதி எங்கள் சித்தி மகளுடையது. பத்திரம் எழுதுபவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. அண்ணன் மறுபடி யோசித்தார், நெற்றியைத் தேய்த்தார், இன்னொன்று சொன்னார். அதுவும் இல்லை. அறுபதைத் தாண்டிய மனிதர், ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லா வீட்டுப் பெயரும் சொல்லக்கூடியவர், என் கல்யாணப் பத்திரிகையை வீடு வீடாகக் கொடுத்தவர். கடையில் இருந்த மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவசரமே இல்லை. விழுப்புரத்துக்குப் பஸ் எப்போதும் இருக்கிறது.

கடைசியில் என் பக்கம் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "உன் பேரு என்னாம்மா?" என்றார்.

"பேர சொல்றேங்கண்ணா" என்றேன். "சரியா எழுதச் சொல்லுங்க. அந்தப் பேருல பாதிப் பங்கு இருக்குது. சர்வேயரை வெச்சி அளந்து கல்லு நட்டுக் குடுங்க. என் பாதியும் ரோட்டத் தொடணும்." சொல்லிவிட்டுப் பையைத் திறந்து கார்டை மேசை மேல் வைத்தேன். ரோஸ் புடவைப் பையை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

அப்புறம் நடந்தது நீங்கள் நினைக்கிற எல்லாமும்தான். அண்ணி போன் செய்து, சோறு போட்ட கையைக் கடித்துவிட்டாய் என்றார். சொந்தக்காரர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். திருவக்கரைக் காளி கேட்பாள் என்று ஒரு சித்தப்பா சாபம்கூட விட்டார். கேட்கட்டும், அவளாவது என்னைக் கேட்கட்டும் என்றேன். கோர்ட்டுக்குப் போவேன் என்று அண்ணன் மிரட்டினார். என் கையெழுத்து இல்லாமல் பிளாட்டுக்காரர் நிலத்தைத் தொட மாட்டேன் என்றதும் இறங்கி வந்தார். பாகம் பிரிந்தது. நீளவாக்கில் நடுவே கல் நட்டார்கள். இரண்டு பாதியும் ரோட்டைத் தொட்டன.

பொங்கல் சீர் நின்றுவிட்டது. வாட்ச்மேன்தான் பாவம், இந்த வருஷம் மைசூர்பாக்கு இல்லையா சிஸ்டர் என்று கேட்டார். ஒரு கல்யாணத்தில் அண்ணனை எதிரில் பார்த்தேன். "வாங்க மேடம்" என்றார், குத்தலாக. "வர்றேங்க" என்றேன். அவர் குத்தலாகச் சொன்னாலும் அந்த 'ங்க' என் காதுக்கு நன்றாகவே இருந்தது. என்னைப் பாப்பா என்று கூப்பிட இனி உலகத்தில் யாரும் இல்லை. சோற்றுத் தட்டில் கை வைக்கும்போது சில நாள் அப்பா குரல் ஞாபகம் வருகிறது. அதற்காக நான் பட்டா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதில்லை.

நிலத்தை நான் விற்கவில்லை. குத்தகைக்கு விட்டிருக்கிறேன், மல்லாட்டை போட்டிருக்கிறார்கள். ரோட்டோரத்தில் மட்டும் ஒரு போர்டு வைத்தேன். இந்த இடம் இன்னாருக்குச் சொந்தமானது என்று எல்லோரும் வைக்கிற போர்டுதான். எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பெயிண்டர் கேட்டார். வயதானவர் ஒருவர் கண்ணாடி போடாமல் தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்கு என்றேன். இனிஷியலோடு, முழுப்பெயரும். அண்ணன் மோட்டார் போடக் காலையிலும் சாயங்காலமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

இவ்வளவும் எழுதிவிட்டு என் பெயரை இங்கே எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். தெரிந்துகொள்ள வேண்டியவர் தினமும் இரண்டு வேளை படித்துக்கொண்டிருக்கிறார்.